பெருமுக்கல் கிணற்றுப் பத்திரம்

என்னிடம் வேலை பழகிய நிர்மலா இப்போது ஒரு சார்பதிவாளர் அலுவலகத்துக்கே அதிகாரி. போன வாரம் விழுப்புரத்தில் என் வீட்டுக்கு வந்தவள், காபித் தம்ளரைக் கீழே வைக்கும் முன்பே ஆரம்பித்துவிட்டாள்.

"மேடம், இனிமே சில பத்திரத்துக்கு ஆளே ஆபீசுக்கு வர வேணாமாம். வீட்ல உக்காந்துக்கினே பதிவு பண்ணிக்கலாம். நமக்குப் பாதி பேஜாரு மிச்சம்."

எனக்கும் சந்தோஷம்தான். நல்ல முகூர்த்த நாளில் பத்திர ஆபீஸில் வேலை பார்த்திருந்தால் உங்களுக்கும் சந்தோஷமாகத்தான் இருக்கும். ராகுகாலம் முடிகிறவரை வாசலில் வேப்பமரத்தடியில் நின்றுகொண்டிருக்கும் மொத்த ஜனமும், முடிந்த அடுத்த நொடி ஒரே கதவு வழியாக உள்ளே நுழையப் பார்க்கும். ஆடி மாதத்தில் ஈ ஓட்டுவோம். ஆவணி பிறந்தால் சாப்பாட்டு டப்பாவைத் திறக்க நேரமிருக்காது.

"அதெல்லாம் சரி. வராத ஆளு சம்மதிச்சுத்தான் எழுதிக் குடுக்கிறாரான்னு எப்படித் தெரிஞ்சுக்குவ?" என்று கேட்டேன்.

"ஓ.டி.பி. வருமே மேடம்."

சிரித்துவிட்டேன். சிரித்த குற்றத்துக்காக, பதிவுத் துறையில் அவர்கள் கொண்டுவரப் போகும் சிறப்பு மலருக்கு ஒரு கட்டுரை எழுதித் தரவேண்டும் என்று தண்டனை விதித்துவிட்டுப் போனாள். எங்கள் துறை என்றதும் சிலர் முகத்தில் ஒரு தினுசான புன்னகை வரும். அது எதற்கு என்று எனக்குத் தெரியும். அதைப் பற்றி எழுத ஆயிரம் பேர் இருக்கிறார்கள். நான் எழுத வந்தது வேறு.

இளநிலை உதவியாளராகச் சேர்ந்த காலத்தில் பத்திரங்களைப் பெரிய பெரிய புத்தகங்களில் கையாலேயே நகல் எடுப்போம். முதல் சில வருடங்கள் எனக்கு வேறு எதுவும் ஞாபகமில்லை. நகல், மறுபடியும் நகல், விரலில் காய்ப்பு, கழுத்தில் வலி. ஊரில் யார் யாருக்கு எழுதிக் கொடுத்தார்கள் என்பதெல்லாம் என் கை வழியாகத்தான் போயிற்று. மண்டைக்குள் ஒன்றும் ஏறவில்லை. அதைத்தான் பயிற்சி என்று சொன்னார்கள்.

அதற்குப் பிறகு ஜெயராமன் சாரிடம் போய்ச் சேர்ந்தேன்.

இவரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். சார்பதிவாளராக இருந்தவர். ஒல்லியான ஆள். சட்டைக் காலருக்குள் எப்போதும் ஒரு கைக்குட்டை. செருப்பை மேஜைக்கு அடியில் கழற்றிவிட்டு வெறுங்காலோடுதான் உட்காருவார். யாரையும் நிமிர்ந்து பார்க்க மாட்டார், யாரோடும் சிரிக்க மாட்டார். பத்திரம் முன்னால் வந்ததும், விற்கிறவரை உட்காரச் சொல்லிவிட்டு, சொத்து விவரத்தைப் பள்ளிக்கூடப் பையன் பாடம் ஒப்பிப்பது போலச் சத்தமாகப் படிக்க ஆரம்பிப்பார். எந்த நிலம் என்றாலும் அதற்கு நாலெல்லை எழுதியிருக்கும். கிழக்கே யார் நிலம், மேற்கே எந்தத் தெரு, வடக்கே என்ன, தெற்கே என்ன. அந்த இடம் வந்ததும் மனுஷர் வேண்டுமென்றே ஒன்றை மாற்றிப் படிப்பார். கிழக்கை மேற்காக்குவார், இல்லையென்றால் வாய்க்காலை ரோடாக்குவார். படித்துவிட்டு, "சரிங்களா?" என்று கேட்டுவிட்டுப் பேசாமல் இருப்பார்.

விற்கிறவர் "இல்லீங்களே, வாய்க்கா தெற்கால இல்ல இருக்குது" என்று சொன்னால்தான் பேனாவைத் திறப்பார். சொல்லாவிட்டால் மறுபடியும் முதலிலிருந்து படிப்பார். வெளியே கூட்டம் கத்தும். பத்திரம் எழுதுகிறவர்கள் தலையில் அடித்துக்கொள்வார்கள். அவர்கள் வட்டாரத்தில் அவர் பெயர் 'நாலெல்லை'. நானும் மனசுக்குள் அப்படித்தான் கூப்பிட்டேன். எனக்கு ஐந்து மணி பஸ் போய்விடும் என்ற எரிச்சல்.

ஒருமுறை பொம்மையார்பாளையத்திலிருந்து ஓர் அம்மா வந்திருந்தார். கடலை ஒட்டிய மனை. யாரோ தங்கும் விடுதி கட்ட வாங்குகிறார்கள். ஜெயராமன் சார் வழக்கம்போலப் படித்தார். கிழக்கே மணல்பாதை, தெற்கே இன்னார் மனை, வடக்கே இன்னார் மனை, மேற்கே கடல்.

அந்த அம்மா மீன்கூடை சுமந்து உரமேறிய கழுத்தை மெதுவாகத் திருப்பி, பக்கத்தில் நின்ற என்னைப் பார்த்துக் கேட்டார்: "ஏம்மா, இவரு எந்த ஊரு? கடலு எப்பம்மா மேற்கால போச்சு? போவும்போது எங்க ஊட்டயும் சேத்து அடிச்சுக்கினு போச்சா?"

அலுவலகமே சிரித்தது. ஜெயராமன் சார் மட்டும் சிரிக்கவில்லை. "கிழக்கே கடல்" என்று திருத்திப் படித்துவிட்டுப் பேனாவைத் திறந்தார். அன்று சாயங்காலம் நான் துணிந்து, "எதுக்கு சார் இப்படிப் படிக்கிறீங்க?" என்று கேட்டேன். "ஃபைல எடும்மா" என்றார். அவ்வளவுதான் அவர் எனக்குச் சொன்ன விளக்கம். உபதேசம் செய்கிற ஆள் இல்லை அவர். பார்த்துப் பார்த்து நானாகப் புரிந்துகொண்டதுதான். அதிகாரி முன்னால் உட்காருகிறவர்கள் எதற்கும் ஆமாம் போட்டுவிடுவார்கள். அந்த ஆமாமுக்கு மதிப்பில்லை. ஒரு இடத்திலாவது இல்லை என்று சொன்னவர்தான் கேட்டுக்கொண்டிருக்கிறார், புரிந்துகொண்டிருக்கிறார்.

நான் சார்பதிவாளரானதும் என்னையறியாமலே நானும் அப்படித்தான் படிக்க ஆரம்பித்தேன். எனக்கு என்ன பெயர் வைத்தார்கள் என்று நிர்மலாவைக் கேட்டால் சொல்வாள். நானாகச் சொல்ல மாட்டேன்.

வேலை எனக்குப் பிடித்திருந்தது. அதைச் சொல்லிவிடுகிறேன். ஆட்கள் தங்கள் வாழ்க்கையில் நாலைந்து முறைதான் நல்ல துணி உடுத்திக்கொண்டு ஒரு ஆபீஸுக்குக் குடும்பத்தோடு வருவார்கள். அதில் ஒன்று எங்கள் ஆபீஸ். கோட்டக்குப்பத்துப் பையன்கள் வளைகுடாவிலிருந்து லீவில் வந்து, அம்மா பெயரில் முதல் மனையைப் பதிந்துவிட்டு வெளியே போய் ஒரு டப்பா இனிப்பு வாங்கிக்கொண்டு திரும்ப வருவார்கள். ரேகை வைத்த விரல் மையைத் துடைக்காமலே அந்த அம்மாக்கள் எனக்கு இனிப்பு எடுத்துக் கொடுப்பார்கள். நீல நிற ஜாங்கிரி சாப்பிட்ட அதிகாரி நானாகத்தான் இருப்பேன்.

இனி நான் சொல்ல வந்த பத்திரம்.

அப்போது நான் திண்டிவனம் பக்கம் இருந்தேன். கம்ப்யூட்டர் வந்துவிட்டது, ஆனால் எல்லாமே அதற்குள் போய்விடாத காலம். நடக்க முடியாதவர்கள் எழுதிக் கொடுப்பதாக இருந்தால் மனு கொடுக்கலாம். சார்பதிவாளரே வீட்டுக்குப் போய்ப் பதிந்துவிட்டு வருவார். பாஷா பாய் அப்படி ஒரு மனுவைக் கொண்டுவந்தார். பத்திரம் எழுதுகிறவர்களில் கையெழுத்து அழகான மனிதர், நாக்கும் அழகு.

"பெருமுக்கல் கேஸ் மேடம். பெரியவரு பேரு ஏழுமலை. பக்கவாதம். பேச்சு நின்னுபோச்சு. மருமவளுக்கு நிலத்தை செட்டில்மெண்ட் எழுதித் தர்றாரு. ஜல்தி முடிச்சுக் குடுத்தீங்கன்னா புண்ணியம்."

அவர் கிளம்பிய சிறிது நேரத்திலேயே ஏழுமலையின் பெரிய மகன் சேகர் ஒரு ஆட்சேபணை மனுவோடு வந்து நின்றார். நாற்பது வயதுக்காரர். வியர்வையில் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. அப்பாவுக்குச் சுயநினைவு இல்லை, கையைப் பிடித்து ரேகை வைக்கப் பார்க்கிறார்கள் என்று எழுதியிருந்தார்.

"சுயபுத்தியோட இருந்தா எங்கப்பா இப்படி எழுதவே மாட்டாருங்க மேடம்" என்று வாயாலும் சொன்னார்.

விசாரித்ததில் குடும்பக் கதை தெரிந்தது. ஏழுமலை தன் சம்பாத்தியத்தில் வாங்கிய நிலம் இரண்டு துண்டு. ஒன்றைச் சேகருக்கு முன்னாலேயே எழுதிக் கொடுத்துவிட்டார். கிணறு இருக்கிற மற்றொன்று இளைய மகனுக்கு என்று வைத்திருந்தார். இளையவன் பைபாஸில் பைக்கில் போய் அடிபட்டுச் செத்துப்போனான். அவன் மனைவி அமுதாதான் பெண்குழந்தையோடு மாமனார் வீட்டிலேயே இருந்து, அந்தத் துண்டில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை போட்டுப் பிழைக்கிறாள். நிலம் அமுதாவுக்குத்தான் என்று பெரியவர் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். எழுதுவதற்குள் வாதம் வந்துவிட்டது.

இதில் என் தலையில் விழுந்தது இவ்வளவுதான். நான் பதியாமல் வந்துவிட்டால், பெரியவர் காலத்துக்குப் பிறகு பங்கு, வக்கீல், கோர்ட் என்று போகும். அமுதாவுக்கு இருக்கிற ஒரே பிழைப்பு அதில் போய்விடும். பதிந்துவிட்டு, அவருக்கு உண்மையிலேயே நினைவில்லை என்றால், ஒரு மனிதனின் சொத்தை அவனுக்குத் தெரியாமலே நான் கைமாற்றிவிட்டதாகும். டாக்டர் சான்றிதழ் கொடுத்திருந்தார். ஆனால் சட்டப்படி, சம்மதம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டியவள் நான்.

வெயில் உச்சியில் ஏறியிருந்தபோது பெருமுக்கலுக்குப் போய்ச் சேர்ந்தோம். மலைமேல் கோயில் வெள்ளையாகத் தெரிந்தது. தெருவெல்லாம் மல்லாட்டை காயப்போட்டிருந்தார்கள். டிரைவர் ஒவ்வொரு வீட்டுக்காரரிடமும் திட்டு வாங்கிக்கொண்டே ஓட்டினார். மாடியில்லாத சின்ன வீடு. முன்னறையில் மின்விசிறிக்குக் கீழே இரும்புக் கட்டிலில் ஏழுமலை படுத்திருந்தார். சுத்தமாகச் சவரம் செய்து, வெளுத்த வேட்டி கட்டியிருந்தார்கள். வலது கை துவண்டு கிடந்தது. சேகர் இரண்டு ஆட்களோடு வாசல் கேட்டருகே நின்றார். உள்ளே வரவில்லை.

நான் எல்லோரையும் வெளியே போகச் சொன்னேன். அமுதா, பாஷா பாய், சாட்சிகள் எல்லோரும். என்னுடைய உதவியாளர் மட்டும் ஓரமாக நின்றார். இது எனக்குக் கறாரான வழக்கம். சொந்தக்காரர்கள் பக்கத்தில் இருந்தால் படுத்திருப்பவர் என்னைப் பார்க்க மாட்டார், அவர்களைப் பார்ப்பார்.

ஃபைலைத் திறந்து படித்தேன். நீங்கள்தானே ஏழுமலை என்றேன், தலையாட்டினார். இந்த நிலத்தை மருமகள் அமுதாவுக்கு எழுதித் தருகிறீர்களா என்றேன், தலையாட்டினார். நாலெல்லைக்கு வந்தேன். பத்திரத்தில் தெற்கே ஏரி வாய்க்கால். நான் வடக்கே ஏரி வாய்க்கால் என்று மாற்றிப் படித்துவிட்டுக் காத்திருந்தேன்.

தலையாட்டினார்.

மறுபடியும் படித்தேன். மறுபடியும் ஆட்டினார். கடைசியாக ஒன்று கேட்டுப் பார்த்தேன். "இந்த நிலத்த உங்க பெரிய பையன் சேகருக்கு எழுதிக் குடுக்கிறீங்க. சரிங்களா?"

அதற்கும் பணிவாகத் தலையாட்டினார்.

ஃபைலை மூடிக்கொண்டு வெளியே வந்தேன். எல்லோர் முகமும் என்னையே பார்த்தது. "எது கேட்டாலும் ஆமாங்கிறாரு. இத வெச்சு என்னால பதிய முடியாது" என்றேன்.

"நான்தான் அப்பவே சொன்னேனே மேடம்" என்றார் சேகர். ஜெயித்த குரலில் சொல்லவில்லை. அதை அப்போது நான் கவனிக்கவில்லை. பிறகு யோசித்தபோதுதான் ஞாபகம் வந்தது.

அமுதா அழுவாள் என்று நினைத்தேன். அவளுக்குக் கோபம்தான் வந்தது. "மேடம், நீங்க இன்னா கேட்டீங்க, எப்படிக் கேட்டீங்கன்னு எனக்குத் தெரியாது. சர்க்கார் ஆளு வந்து கேட்டா எங்க மாமா எதுக்குன்னாலும் தலையாட்டுவாரு. சுகமா இருந்தப்பவே அப்பிடித்தான். ஒரு தபா கணக்கெடுக்க வந்தவரு, 'உங்ககிட்ட டிராக்டர் இருக்குதா'ன்னாரு. இவரு ஆமான்னு தலையாட்டிட்டாரு. எங்க வீட்ல அப்ப ஒரு ஆடு கூட கெடையாது."

கேட்டருகே நின்ற சேகர் தன்னையறியாமல் சிரித்துவிட்டார். "அது மெய்தாங்க" என்றும் சொல்லிவிட்டு, எதிர்க்கட்சிக்குச் சாட்சி சொல்லிவிட்டோமே என்பதுபோல் வாயை மூடிக்கொண்டார்.

எனக்கு என் மேலேயே ஒரு எரிச்சல் வந்தது. கையில் ஃபைல், கழுத்தில் அடையாள அட்டை, பக்கத்தில் விறைப்பாக ஓர் உதவியாளர். இப்படிப் போய் நின்று கேட்டால் அந்தத் தலைமுறை மனிதர் என்ன செய்வார்? எனக்குப் பதில் சொன்னது அவருடைய மரியாதை. அவர் இன்னும் வாயே திறக்கவில்லை.

ஃபைலை உதவியாளரிடம் கொடுத்து வாசற்படிக்கு உள்ளேயே நிற்கச் சொன்னேன். அடையாள அட்டையைக் கைப்பைக்குள் போட்டேன். உள்ளே போய், பிளாஸ்டிக் நாற்காலியைக் கட்டிலின் இடது பக்கம் இழுத்துப் போட்டு, அக்கம்பக்கத்து வீட்டுக்காரி போல உட்கார்ந்து முந்தானையால் விசிறிக்கொண்டேன்.

"இன்னா வெயிலுங்க இது" என்றேன். "வர்ற வழியில சொல்லிக்கினு இருந்தாங்க. உங்க கெணறு கூட வத்திப் போச்சாமே."

கண் என் பக்கம் திரும்பியது. அதுவரை என் முகத்தைப் பார்க்காமல் பணிவாகக் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்த கண்.

"தண்ணியும் உப்பாமே. கேப்பைக்குக் கூட ஆவாதுன்னாங்க."

இடது கை கட்டிலிலிருந்து எழுந்தது. உள்ளங்கையை என் முகத்துக்கு நேரே விரித்து, இல்லை இல்லை என்று ஆட்டினார். தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. அது கோபம் என்று தெரிந்துகொள்ள எந்தச் சான்றிதழும் தேவையில்லை. சர்க்கார் என்ன சொன்னாலும் ஆமாம் போடுகிற மனிதர், தன் கிணற்றைக் குறை சொன்னதும் சண்டைக்கு வந்துவிட்டார். எனக்குச் சந்தோஷத்தில் கண் கலங்கிவிட்டது.

அந்தக் கை இறங்குவதற்குள் அந்த வழியைப் பிடித்துக்கொண்டேன். இனி ஆமாம் என்று பதில் வருகிற கேள்வியே கேட்கக் கூடாது என்று முடிவு செய்தேன். எல்லாவற்றையும் தலைகீழாகக் கேட்டேன். உங்கள் நிலத்துக்கு வடக்கேதானே வாய்க்கால்? கை ஆடியது. இந்த நிலத்தைச் சேகருக்குத்தானே தருகிறீர்கள்? ஆடியது. யாருக்கும் தராமல் நீங்களே வைத்துக்கொள்ளப் போகிறீர்களா? ஆடியது. அமுதாவுக்குத் தர வேண்டாம், அப்படித்தானே? இதற்கு ஆட்டியதோடு நிற்காமல், கட்டிலில் ஓங்கி ஓர் அடி வைத்தார். உதவியாளர் பயந்து ஃபைலைக் கீழே போட்டுவிட்டார்.

போதும் என்று எழுந்திருக்கலாம். ஆனால் பத்திரத்தை முழுக்கப் படித்துக் காட்டாமல் நான் எழுந்ததில்லை. ஃபைலைத் திரும்ப வாங்கி, எழுத்து பாஷையை எல்லாம் பேச்சாக மாற்றி வரி வரியாகச் சொல்லிக்கொண்டு வந்தேன். "நெலமும், அதுல இருக்கிற மரம் மட்டையும், கெணறும் மோட்டாரும் பூராவும் அமுதாவுக்கே சொந்தம்" என்ற இடம் வந்தது.

கை ஆடியது.

தவறாகப் பார்த்துவிட்டேனோ என்று நினைத்தேன். "நெலம் அமுதாவுக்குக் கெடையாதா?" என்றேன். அப்படியில்லை என்று ஆட்டினார். "அப்போ கெணறு? கெணறு பூராவும் அமுதாவுக்குத்தான?" மறுபடியும் இல்லை. சேகருக்குக் கொடுத்த துண்டில் கிணறு இல்லை என்பது ஞாபகம் வந்தது, கொஞ்சம் புரிந்தது. புரிந்ததும் மெதுவாகக் கேட்டேன்.

"சேகரு நெலத்துக்கு உங்க கெணத்துலருந்து தண்ணி வேணாம். அது காஞ்சா காயட்டும். அதான உங்க எண்ணம்?"

அவர் இரண்டாவது தடவையாகக் கட்டிலை அடித்தார். இந்தத் தடவை கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்து காதுக்குள் போயிற்று. நானே துடைத்துவிட்டேன்.

வெளியே வந்து, "இவர் நல்ல நினைவோட இருக்காரு. ஆனா இந்தப் பத்திரத்த இப்படியே ஒப்புக்கல" என்றேன். அமுதாவின் முகம் வெளுத்தது. "நெலம் உனக்குத்தாம்மா. கெணத்துத் தண்ணி மட்டும் இவரு நெலத்துக்கும் பாயணுங்கிறாரு" என்று சேகரைக் காட்டினேன்.

பாஷா பாய்தான் முதலில் தொண்டையைச் செருமினார். "அது நாங்க வழக்கமா போடுற வரி மேடம். நெலம்னு எழுதினா கெணறு, மோட்டார், மரம் மட்டை எல்லாம் கூடவே வந்துடும். கை பழகிப்போச்சு. யாரும் சொல்லிப் போடல."

அப்போதுதான் சேகர் உடைந்து பேசினார். "அந்த வரியப் பாத்துட்டுத்தாங்க நான் மனு குடுத்தேன். ரெண்டு துண்டுக்கும் அந்த ஒரு கெணறுதான். பூராவும் போச்சுன்னா நான் மழைக்கு மானத்தப் பாத்துக்கினு பயிர் வெக்கணும். எங்கப்பா நெனவோட இருந்தா எனக்கு இப்படிப் பண்ணுவாரா?"

பண்ணவில்லை. ஆனால் அதை நான் சொல்லத் தேவையில்லை. அவர் முகத்திலேயே அது ஏறிக்கொண்டிருந்தது.

இனி அமுதா ஒத்துக்கொள்ள வேண்டும். வாங்குகிறவள் அவள். அவளுக்கு மட்டும் என்று எழுதி வந்த கிணற்றில் பாதி அவள் கண்ணெதிரே போகிறது. என்னம்மா சொல்கிறாய் என்றேன்.

"தண்ணிய நான் எப்பங்க மறிச்சேன்?" என்றாள். கொஞ்சம் யோசித்தாள். "எழுதச் சொல்லுங்க. ஆனா நாள் விட்டு நாள்னு முறை போட்டு எழுதச் சொல்லுங்க. கரண்டு வர்ற நேரமே கொஞ்சம். முறை போடலன்னா இவரு மல்லாட்டைக்கே ஓடிக்கினு இருக்கும் மோட்டாரு."

"எழுதுங்க பாய். மொத நாளு அவளுக்கே போடுங்க" என்றார் சேகர்.

பாஷா பாய் கட்டிலுக்குப் பக்கத்திலேயே ஸ்டூலைப் போட்டுக்கொண்டு, அந்த வரியை அடித்துவிட்டு, மேலே தன் அழகான கையெழுத்தில் முறைத் தண்ணீரைப் பற்றி எழுதினார். அடித்தது எது, சேர்த்தது எது என்று கீழே குறிப்பும் எழுதினார். நான் அதையும் படித்துக் காட்டி, தலைகீழாகவும் கேட்டேன். சரியாகப் பதில் வந்தது. திருத்தத்துக்குப் பக்கத்தில் ஒன்று, அடியில் ஒன்று என்று பெரியவர் இடது பெருவிரலைத் தானே உருட்டி வைத்தார். யாரும் பிடிக்கவில்லை. சேகர் தன் மனுவைக் கிழித்துவிடச் சொன்னார். அப்படியெல்லாம் கிழிக்க முடியாது, வாபஸ் வாங்குவதாக எழுதிக் கொடுங்கள் என்று கறாராக வாங்கிக்கொண்டேன். நான் அப்போதும் அதிகாரிதானே.

மிச்சம் இருந்தது ஒன்றுதான். எழுதிக் கொடுப்பவர் இன்னார்தான் என்று தெரிந்தவர்கள் சொல்லி, பத்திரத்தின் பின்பக்கம் கையெழுத்துப் போட வேண்டும். நிரூபிக்கிற சாட்சி என்போம். வழக்கமாகப் பத்திரம் எழுதுகிறவர்களே யாரையாவது கூட்டிவந்து விடுவார்கள். பேனாவை நீட்டினால் போட்டுவிட்டுப் போவார்கள். பாஷா பாயும் இரண்டு பேரைக் கொண்டுவந்திருந்தார். அதில் ஒருவர் பேனாவை எடுக்கும்போது சேகர் உள்ளே வந்தார்.

"மேடம், அத நான் போடலாங்களா?"

போடலாம் என்றேன். ஆனால் அதற்கும் முறை உண்டு. ஆளைப் பார்த்துச் சொல்ல வேண்டும். சேகரைக் கட்டிலின் அருகே நிற்கவைத்து, சட்டப்படி கேட்கவேண்டியதைக் கேட்டேன். "இவர் யாரு? உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"ஏழுமலைங்க" என்று ஆரம்பித்தவரால் மேலே போக முடியவில்லை. அப்பாவின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு என்னிடம், "படுத்ததுலருந்து இவரு ஆளே இல்லன்னு நெனச்சுட்டேங்க. எல்லார்கிட்டயும் அதத்தான் சொல்லிக்கினு திரிஞ்சேன்" என்றார். மூக்கை உறிஞ்சிக்கொண்டார். "எங்கப்பாங்க. எங்கப்பாவேதான்."

அதோடு எழுதியிருக்கலாம். விதியில் அதற்குமேல் இல்லை. ஆனால் எனக்கு மனசு கேட்கவில்லை. பெரியவர் பக்கம் குனிந்து, "இவரு உங்களுக்கு யாரோ வேத்தாளுங்களா?" என்று கேட்டேன்.

கை எழுந்தது. இல்லை என்று ஆட்டினார். நான் சரி என்று சொன்ன பிறகும் ஆட்டினார். பேனா சேகரின் கையில் அப்படியே நின்றுவிட்டது. பெரியவரின் கை நிற்கவேயில்லை. கடைசியில் சேகர் குனிந்து அந்த மை படிந்த கையைத் தன் இரண்டு கைகளுக்குள்ளும் பிடித்துக்கொண்டு, "போதும்பா, தெரிஞ்சுபோச்சு, போதும்" என்று சொல்லித்தான் நிறுத்த வேண்டியிருந்தது.